நுண்படச் சுருளிலிருந்து தாள்படி: மின்னொளிப்பட முறையும் மூலபாட நம்பகமும்

முன்னுரை

யூஜின் பவர் 1938இல் ஆன் ஆர்பரில் நிறுவிய யுனிவர்சிட்டி மைக்ரோஃபிலிம்ஸ், பழைய ஆங்கில அச்சு நூல்களை நுண்படச் சுருள்களில் வழங்கியது. அதே ஆண்டில் செஸ்டர் கார்ல்சன் உலர்நிலை மின்னொளிப்பட முறையைச் செய்துகாட்டினார். அம்முறையில் ஹாலாய்டு நிறுவனம் 1955இல் வெளியிட்ட காப்பிஃப்ளோ பொறி, நுண்படங்களைச் சாதாரணத் தாளில் தொடர்ச்சியாக அச்சிட்டது. பதிப்பு அற்றுப்போன நூலின் ஒரேயொரு படியையும் வேண்டுவோருக்கு வழங்கும் வாய்ப்பு இதனால் உருவாயிற்று. இத்தகைய படியை மூலத்திற்கு நிகராகக் கொள்ளலாமா என்பதே இங்கு ஆராயப்படும் வினா.

படியாக்கத்தில் நேரும் இழப்பு

மின்னேற்றம் பெற்ற செலினிய உருளையின்மீது சுருளின் வழியாக ஒளி விழுகிறது. ஒளிபட்ட இடம் மின்னேற்றத்தை இழக்க, எஞ்சும் மின்னுருவத்திற்கேற்ப மைத்தூள் படிகிறது. மின்புலம் உருவத்தின் விளிம்புகளிலேயே வலுவாக இருப்பதால், தொடக்ககாலப் பொறிகளில் எழுத்துக் கோடுகள் தெளிவாக விழுந்தன; அகன்ற கருமைப் பரப்புகளின் நடுப்பகுதியோ வெளிறியது. சாம்பல்நிறப் படிநிலைகளும் சுருங்கின. கறை, மங்கிய ஓரக்குறிப்பு, மைவேறுபாடு ஆகியன நுண்படத்திலேயே பாதி குறைந்து, தாள்படியில் மேலும் குன்றின. எனவே இம்முறை சொற்களைக் காத்த அளவிற்கு ஏட்டின் பருமையான சான்றுகளைக் காக்கவில்லை.

மூலபாட ஆய்வில் விளைவு

தமிழ் நூல்களின் படிகளில் இச்சிக்கல் மேலும் கூர்மை பெறுகிறது. 'கல்வி', 'கலவி' என்னும் சொற்களை வேறுபடுத்துவது ஒரு புள்ளியே. படியில் அப்புள்ளி மறையலாம். சிதறிய மைத்தூள் புள்ளியாகவும் தோற்றமளிக்கலாம். படியை மட்டும் நோக்கும் பதிப்பாசிரியர், பொறி உண்டாக்கிய பிழையைப் பாடவேறுபாடாகப் பதிவுசெய்துவிட இடமுண்டு.

நிக்கல்சன் பேக்கர் 2001இல் வெளியிட்ட 'டபுள் ஃபோல்டு' நூல், நுண்படம் எடுத்தபின் மூலங்களைக் கைவிட்ட நூலகங்களைக் கடுமையாகச் சாடியது. அக்கண்டனம் வலுவானதே. எனினும், மூலத்தை எட்ட இயலாத ஆய்வாளருக்கு இப்படிகளே வாயில் திறந்தன என்பதையும் புறந்தள்ள இயலாது.

முடிவுரை

குறை படியெடுப்பில் மட்டும் இல்லை. படியை மூலமெனக் காட்டும் மேற்கோள் வழக்கிலும் உள்ளது. தாம் கண்டது மூலமா, நுண்படமா, நுண்படத்தின் தாள்படியா என்பதை ஆய்வாளர் குறித்தல் வேண்டும். ஐயத்திற்குரிய பாடங்களுக்கு மூலத்தையே நாடுதல் வேண்டும். மூலம் அழிந்தவிடத்து அந்த ஐயம் நீங்காது. ஆதலின் படியெடுத்தல் மூலத்தைப் பேணுதலுக்கு மாற்றாகாது.