தோட்டத்துப் பூசாரியும் ஆகமமும்

சி. வி. வேலுப்பிள்ளையின் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' தொகுப்பைப் போற்றும் நாம், வழிபாட்டு மரபைச் சுமந்த தோட்டத்துப் பூசாரியைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் அவர் ஆகமம் கற்ற அந்தணர் அல்லர். பகலில் கவ்வாத்துக் கத்தி பிடித்த தொழிலாளி. தமிழகத்து முனியைத் தேயிலைத் தொழிற்சாலைச் சக்கரத்தின் அருகே நிறுத்தி 'ரோதை முனி' ஆக்கியது இத்தகையோரின் கற்பனையே. இயந்திரம் கையைப் பறிக்குமென்ற அச்சம் அங்கே தெய்வ வடிவம் கொண்டது. எந்த ஆகமத்தில் இதற்கு இடமுண்டு?

கி.மு. 7ஆம் நூற்றாண்டில் யோசியா மன்னன் யூதாவின் ஊர் மேடைகளை அழித்து, வழிபாட்டை எருசலேமில் குவித்தான் என்கிறது விவிலியம். ஊர்த் தலங்களின் ஆசாரியர் பேணிய மரபுகள் பல, அதே விவிலியத்துள் கலந்து பிழைத்தன என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. மலையகத்தில் மன்னன் வரவில்லை. கோபுரமும் கும்பாபிஷேகமும் வந்தன. கிடாய்ப் பலி பல கோவில்களில் ஒதுங்கிற்று. மாரியம்மன் வடமொழி அர்ச்சனை கேட்கலானாள். படித்த நம்மவர் இதனை முன்னேற்றம் என்றே கொண்டாடினர்!

பூசாரியைப் புரட்சிக்காரராக்க வேண்டியதில்லை. கோவிலின் முதல் மரியாதை பெரிய கங்காணிக்கே போயிற்று. அதைக் கையால் வழங்கியவரும் அவரே. ஆயினும் மாசிமாதக் காமன் கூத்தில் ரதியின் புலம்பலை லயத்து மக்களுக்குக் கற்பித்தவர் குருக்கள் அல்லர். அக்கூத்தைப் பதிவு செய்யும் பல்கலைக்கழகத்தார், அதைக் காத்தவர்களின் பெயர்களையும் எழுதுவார்களா?