அடைக்கலத்துக்கு என்ன சாதி?

எங்க சின்னம்மா புருசன் அடிச்ச அடியில இடது கை முறிஞ்சு, ரெண்டு வயசுப் பொம்பளப் புள்ளையத் தூக்கிக்கிட்டு ராத்திரி கடைசி பஸ்ஸுல ஏறிப் போனது ஒரு மடத்துக்கு. தாய் வீட்டுக்குப் போகலை. போனா மறுநாளே பஞ்சாயத்து வெச்சுத் திருப்பி அனுப்பிடுவாங்கன்னு தெரியும். சேரிக்குள்ள ஒளிய இடம் கிடையாது. ஊருக்குள்ள நுழையவே வழி கிடையாது. மடத்துல கதவத் திறந்தாங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிக் கட்டுப் போட்டாங்க. சோறு போட்டாங்க, புள்ளைக்குப் பால் குடுத்தாங்க. பெறகுதான் கேட்டாங்க, "எந்தத் தெரு?"ன்னு. எந்தத் தெருன்னா என்ன கேக்குறாங்கன்னு நமக்குத் தெரியாதா? கை கூடினதும் சின்னம்மாவுக்குக் கிடைச்ச வேலை கக்கூஸ் கழுவுறது. அவங்களுக்குப் பின்னாடி வந்த வேற சாதி அம்மாவுக்குத் தையல் மிஷின். எட்டு மாசம் ஓடுச்சு. கடைசியில, "மன்னிச்சுடும்மா, குடும்பம் ஒடையக் கூடாது"ன்னு செபம் பண்ணி அதே புருசனோட அனுப்பி வெச்சாங்க.

சின்னம்மா இன்னிக்கும் அந்த மடத்தைத் திட்ட மாட்டாங்க. "அன்னிக்கு அவங்க கதவத் திறக்கலேன்னா நான் கெணத்துலதான் கெடந்திருப்பேன்"னு சொல்வாங்க. அதே மூச்சுல, "ஆனா அங்கயும் நான் பறச்சிதான்"னும் சொல்வாங்க.

இந்த இரண்டு வாக்கியங்களையும் பிரிக்காமல் வைத்துக்கொண்டுதான் சமய நிறுவனங்கள் நடத்தும் பெண்கள் இல்லங்களைப் பற்றிப் பேச முடியும். முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டால் துதிப்பாடல் ஆகிவிடும். இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டால் 'மதமாற்றக் கூடாரங்கள்' என்று கூச்சல் போடும் இந்துத்துவக்காரர்களுக்கு நாமே கல் பொறுக்கிக் கொடுத்தவர்களாவோம். அவர்கள் தெருவில் நிற்கும் தலித் பெண்ணுக்கு ஒரு திண்ணையைக்கூட ஒழித்துக் கொடுத்தவர்கள் அல்லர். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அடைக்கலம் யாருக்கு நிபந்தனையில்லாமல் கிடைக்கிறது, யாருக்கு விலை பேசிக் கிடைக்கிறது?

இந்தக் கேள்வியோடு பண்டித ரமாபாயை மறுபடியும் வாசிக்க வேண்டியிருக்கிறது. 1858இல் சித்பவன் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். பஞ்சத்தில் பெற்றோரைப் பறிகொடுத்து நாடெங்கும் நடந்தே திரிந்தவர். சாதிக்கு வெளியே மணம் செய்து, இரண்டே ஆண்டில் கைக்குழந்தையோடு விதவையானவர். 1883இல் இங்கிலாந்துக்குப் போனபோது, லண்டன் ஃபுல்ஹாமில் ஆங்கிலிக்கன் கன்னியர் நடத்திய இல்லத்தைப் பார்க்கிறார். 'கெட்டுப்போனவர்கள்' என்று சமூகம் ஒதுக்கிய பெண்களை அங்கே மனிதர்களாக நடத்துவதைக் கண்டு அதிர்ந்துபோகிறார். தான் கரைத்துக் குடித்த சாஸ்திரங்களில் இப்படி ஒரு இரக்கத்துக்கு இடமே இல்லையே என்ற கேள்விதான் அவரைக் கிறிஸ்துவிடம் கொண்டுபோனது என்று தன் சாட்சியத்தில் எழுதுகிறார். ஆக, ஒரு பெண்கள் இல்லம்தான் ரமாபாயை மதம் மாற்றியது. இதைக் கொச்சைப்படுத்த நமக்கு உரிமையில்லை.

ஆனால் 1887இல் அமெரிக்காவில் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பைப் பாருங்கள்: 'மேல்சாதி இந்துப் பெண்'. அந்தப் பெண்ணுக்காகத்தான் அவர் அமெரிக்கர்களிடம் பணம் கேட்டார். 1889இல் பம்பாயில் திறந்த சாரதா சதன் மேல்சாதி விதவைகளுக்கான வீடு. அங்கே அவர்கள் தங்கள் சாதி ஆசாரத்தைக் காத்துக்கொள்ளலாம், சமையலைச் சாதிப்படி வைத்துக்கொள்ளலாம், யாரும் மதம் போதிக்க மாட்டார்கள் என்பது ஏற்பாடு. அந்த ஏற்பாட்டைக் கண்காணிக்க ரானடே, பண்டார்கர் போன்ற சீர்திருத்தப் பெரியவர்களைக் கொண்ட ஆலோசனைக் குழு. ரமாபாயின் சொந்தப் பிரார்த்தனையில் சில பெண்கள் கலந்துகொண்டார்கள் என்றதும் திலகரின் 'கேசரி' கொதித்தது. 1893இல் ஆலோசகர்கள் விலகினார்கள். பல குடும்பங்கள் பெண்களை இழுத்துக்கொண்டு போயின. மொட்டையடித்து மூலையில் உட்கார வைத்தபோது கொதிக்காத ரத்தம், அந்தப் பெண் ஒரு பிரார்த்தனையில் முழங்காலிட்டதும் கொதித்தது.

அப்புறம் பஞ்சம் வந்தது. 1896-97இல் மத்திய மாகாணங்களில் பட்டினியால் விழுந்துகிடந்த பெண்களையும் சிறுமிகளையும் ரமாபாய் நூற்றுக்கணக்கில் அழைத்து வந்தார். பஞ்ச முகாம்களில் இந்தப் பெண்களைக் கூலிக்காரர்களும் தரகர்களும் வேட்டையாடிக்கொண்டிருந்த நேரம் அது. புனேக்கு அருகே கேட்காவ் என்ற இடத்தில் முக்தி உருவாயிற்று. இங்கே சாதி கேட்கப்படவில்லை. நெசவு, தையல், எண்ணெய் ஆட்டுதல், பால் பண்ணை, அச்சகம் என்று வேலை கற்றுக்கொடுத்தார்கள். பெண்களே எழுத்துக் கோத்து அச்சடித்தார்கள். 1922இல் இறக்கும்வரை ரமாபாய் அங்கேயே கிடந்து உழைத்தார். அந்தக் காலத்தில் இதற்கு ஈடாக வேறொன்றைக் காட்டுவது கடினம்.

ஆனால் முக்தி தொடக்கத்திலிருந்தே வெளிப்படையான கிறிஸ்தவ நிறுவனம். சாரதா சதனில் இருந்த 'மதத்தில் தலையிட மாட்டோம்' என்ற உறுதிமொழி இங்கே கிடையாது. 1893இல் சனாதனிகள் கொடுத்த சூடு ரமாபாயை இந்த இடத்துக்குத் தள்ளியிருக்கலாம். அவருடைய விசுவாசமும் அதற்குள் ஆழமாகியிருந்தது. காரணம் எதுவானாலும் விளைவு ஒன்றுதான். மேல்சாதி விதவைக்கு மதம் தலையிடாத வீடு. பஞ்சத்துப் பெண்ணுக்கு மதமே வீடு. மேல்சாதிப் பெண்ணின் மனச்சாட்சியைக் காவல் காக்க ஒரு குழு இருந்தது, பத்திரிகை இருந்தது, குடும்பம் இருந்தது. பஞ்சத்துப் பெண்ணின் மனச்சாட்சிக்காகக் கண்காணிப்புக் குழு போட்டவர் யார்? மனச்சாட்சிச் சுதந்திரமும் இங்கே சாதிச் சலுகையாகத்தான் இருந்திருக்கிறது.

சாரதா சதனின் முதல் மாணவிகளில் ஒருவர் கோதுபாய். பின்னாளில் ஆனந்திபாய் கார்வே ஆனவர், தன் வரலாற்றை எழுதினார். பஞ்சத்திலிருந்து வந்த அந்தப் பெண்களில் ஒருத்தியின் பெயராவது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்கள் கூட்டமாகத்தான் வரலாற்றில் நுழைந்தார்கள். எண்ணிக்கையாக, மீட்கப்பட்ட ஆத்துமாக்களாக.

இதற்கு நேர் எதிராக ஒன்றைச் சொல்ல வேண்டும். 1863இல் புனேயில் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் ஒரு வீட்டைத் திறந்தார்கள். கர்ப்பமாக்கப்பட்ட பிராமண விதவைகள் ரகசியமாக வந்து பிள்ளை பெறலாம். பிள்ளையைக் கொண்டுபோவதா விட்டுப்போவதா என்பது அவர்கள் விருப்பம். சூத்திரர் என்று இழிக்கப்பட்டவர்கள், தங்களை இழித்தவர்களின் வீட்டுப் பெண்களுக்குத் திறந்த கதவு அது. மதம் கேட்கவில்லை, மனந்திரும்பச் சொல்லவில்லை. அப்படி வந்த ஒரு பிராமண விதவையின் பிள்ளையைத் தங்கள் மகனாகவும் வளர்த்தார்கள். அடைக்கலத்துக்கு விலை வைக்காமல் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

தமிழ்நாட்டுக் கதையும் சாதியில்தான் தொடங்குகிறது. 1912இல் சென்னையில் சகோதரி சுப்புலட்சுமி தொடங்கிய இல்லம் பிராமண விதவைகளுக்கானது. 1930இல் தேவதாசிக் குடும்பத்துச் சிறுமிகள் முத்துலட்சுமி ரெட்டியின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் மறுத்ததால்தான் அவ்வை இல்லம் பிறந்தது. பாமாவின் 'கருக்கு' (1992) கன்னியர் மடத்துக்குள்ளேயே இருந்த சாதியை உள்ளே இருந்தவரின் வாயாலேயே சொன்னது. அங்கே ஏழை தலித் பிள்ளைகள் கூட்டிப் பெருக்கினார்கள், கழுவினார்கள். எங்க சின்னம்மா 'கருக்கு' படித்ததில்லை. படித்துக் காட்டினேன். "இதத்தான் நான் அப்பவே சொன்னேனே"ன்னாங்க.

இன்னொரு விலையும் இருக்கிறது, அதைப் பற்றி இல்லங்கள் வாய் திறப்பதில்லை. 1950ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதங்களைச் சாராதவர் பட்டியல் சாதியினர் அல்லர். இல்லத்தில் நன்றியுணர்ச்சியில் ஞானஸ்நானம் வாங்கும் தலித் பெண், தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுகிறாள். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அவள் கையைவிட்டுப் போகிறது. அவளை அடித்தவனும் ஏசியவனும் அவளைப் பறச்சியாகவேதான் பார்க்கிறார்கள். ஞானஸ்நானத் தண்ணி சாதியைக் கழுவலை, சாதிச் சான்றிதழை மட்டும் கழுவிடுச்சு. குற்றம் முதலில் அரசின் ஆணையில் இருக்கிறது. ஆனால் இதை முன்கூட்டியே அவளிடம் சொல்லாத இல்லத்துக்கும் அதில் பங்குண்டு.

குடும்ப வன்முறைச் சட்டம் 2005இன் ஆறாம் பிரிவு தெளிவாக இருக்கிறது. பாதிக்கப்பட்ட பெண்ணோ, அவள் சார்பில் பாதுகாப்பு அலுவலரோ சேவை நிறுவனமோ கேட்டால், காப்பகப் பொறுப்பாளர் இடம் கொடுத்தே ஆக வேண்டும். 2014இலிருந்து தமிழ்நாட்டில் பெண்கள் இல்லங்களையும் விடுதிகளையும் ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டமே இருக்கிறது. 2015இலிருந்து வந்த ஒருங்கிணைந்த சேவை மையங்களில் தங்க முடிவது ஐந்து நாள்தான். ஆறாம் நாள் அவள் எங்கே போவாள்? மறுபடியும் மடத்துக்கோ ஆசிரமத்துக்கோதான். அரசு தன் கடமையைக் கருணைக்காரர்களிடம் தள்ளிவிட்டு நிற்கிறது. கருணை என்றால் கைமாறு எதிர்பார்க்கும். உரிமை என்றால் கணக்குக் கேட்கலாம்.

ஆகவே இல்லங்களை மூடச் சொல்லி நாம் போராடவில்லை. மூடினால் முதலில் தெருவில் நிற்கப்போவது நம் பெண்கள்தான். நாம் கேட்பது இதுதான். வாசலில் சாதி கேட்காதே. உள்ளே வேலையைச் சாதி பார்த்துப் பிரிக்காதே. உன் சாமியை அவள் கேட்டால் காட்டு, கேட்காவிட்டால் சும்மா இரு. மதம் மாறினால் சட்டத்தில் என்ன இழப்பாள் என்பதை முதலிலேயே சொல். அடித்தவனோடு திரும்பிப் போகச் சொல்லிச் செபம் பண்ணாதே. சாரதா சதனில் மேல்சாதி விதவைக்குக் கிடைத்த மரியாதையைச் சேரியிலிருந்து வரும் பெண்ணுக்கும் கொடு.

சின்னம்மா அதற்கப்புறம் ரெண்டாம் தடவையும் வீட்டை விட்டு வெளியேறினாங்க. அந்தத் தடவை மடத்துக்குப் போகலை. ஒரு பெண்கள் சங்கத் தோழரோட வீட்டுத் தாழ்வாரத்துல மூணு மாசம். "அங்க சோறு கொஞ்சம் கம்மிதான். ஆனா யாரும் எந்தத் தெருன்னு கேக்கலை"ன்னு சொல்வாங்க.