பெயர் மாற்றும் நெஞ்சம்: அவல நாயகரின் தன்வஞ்சனை பற்றி ஒரு நோக்கு

மொனராகலையிலிருந்து வெல்லவாய வழியாகப் பண்டாரவளைக்குச் செல்லும் பேருந்து, எல்ல மலையில் ஏறும் வழியில் இராவணா எல்ல நீர்வீழ்ச்சியை ஒட்டிச் செல்கின்றது. இராவணன் சீதையை ஒளித்துவைத்த குகை அதன் அருகே உள்ளதென்பது ஊவா மக்களின் நெடுநாளைய நம்பிக்கை. அந்த வளைவு வரும்போது பேருந்தில் இருவிதமான பேச்சு எழக் கேட்டிருக்கிறேன். "பொம்பளப் பாவம் சும்மா விடுமா?" என்பார் ஒருவர். "விரலால்கூடத் தொடாத மகராசன்" என்பார் மற்றொருவர். முதலாமவருக்கு இராவணன் கொடியோன். இரண்டாமவருக்கு அவன் பழிசுமத்தப்பட்ட நல்லோன். புலவர் குழந்தையின் இராவண காவியம் (1946) இந்த இரண்டாம் கருத்தை அதன் எல்லைவரை கொண்டு சென்ற நூலாகும். அதன் அரசியல் நியாயம் வேறு. ஆனால் குற்றமற்ற ஒருவன் கொல்லப்படும்போது நமக்குச் சினம் வருகிறதேயன்றி அவலச்சுவை பிறப்பதில்லை. கொடியவன் ஒருவன் கொல்லப்படும்போதும் அவ்வாறே.

அவல நாயகன் முற்றிலும் நல்லவனுமல்லன், முற்றிலும் தீயவனுமல்லன். ஒரு தவறினால் வீழ்பவன் என்றார் அரிஸ்டோட்டில். பாடநூல்கள் இதனைத் திருப்பித் திருப்பிச் சொல்லுகின்றன. ஆயின் 'தவறு' என்னும் சொல் இராவணனுக்குப் போதுமானதா என்பது என் ஐயம். தவறு என்றால் அறியாமையால் நேர்வது. இராவணனுக்கு அறிவித்தவர் எத்தனை பேர்! கவர்வதற்கு முன்னே மாரீசன் சொன்னான். பின்னர் வீடணன் சொன்னான், மாலியவான் சொன்னான், கும்பகருணன் இருமுறை சொன்னான், ஈற்றில் பெற்ற மகனே சொன்னான். இத்தனை பேர் எடுத்துரைத்த பின்னும் ஒருவன் அறியாதிருந்தான் எனல் பொருந்தாது. அவன் அறிந்திருந்தான், அறிந்ததைத் தன்னிடமிருந்தே மறைத்தான். பிரெஞ்சு மெய்யியலாளர் சார்த்தர் 1943இல் வெளியிட்ட தமது பெருநூலில் இச்சிக்கலை எழுப்புகின்றார். பிறரை ஏமாற்றுவோன் உண்மையை அறிந்திருத்தல் வேண்டும். ஏமாறுவோன் அதனை அறியாதிருத்தல் வேண்டும். இருவரும் ஒருவரேயாகும்போது இது எவ்வாறு நிகழும்?

கம்பனின் விடை எளிமையானது என எனக்குப் படுகின்றது. நெஞ்சு தன்னிடம் பொய் சொல்வதில்லை. உள்ள பொருளுக்கு வேறொரு பெயரை இட்டுக்கொள்கிறது. சூர்ப்பணகை சீதையின் அழகை வருணித்த பொழுதிலேயே இராவணனைப் பற்றியது வேட்கை. அப்போது அவன் அதனை மறைக்கவில்லை. நோயுற்றவனாய் நிலவையும் தென்றலையும் கடிந்துகொள்கிறான். இலங்கை தீப்பட்டபின் கூடிய மந்திரச் சபையிலோ பேச்சு மாறிவிடுகின்றது. ஒரு குரங்கு ஊரை எரித்ததே என்பது இப்போது பொருளாகிறது. வேட்கைக்கு மானம் என்று பெயர். இதனை முதலிற் கண்டுகொண்டவன் கும்பகருணன். வாயிலே மானத்தையும் மனத்திலே காமத்தையும் வைத்துக்கொண்டிருக்கிறோம் என்று அவன் நேரே சுட்டுகிறான். சுட்டிய பின்னும் அண்ணன் பக்கமே நிற்கிறான் என்பது தனிக்கதை.

முதல்நாட் போரில் அனைத்தையும் இழந்து வெறுங்கையுடன் இராவணன் நகர் திரும்பும் காட்சியைக் கம்பனின் மிகக் கூரிய இடங்களுள் ஒன்றாகக் கொள்வேன். விண்ணவர் சிரிப்பர், மண்ணவர் சிரிப்பர். அது அவனை வாட்டவில்லை. சானகி சிரிப்பாளே என்றுதான் அவன் நாணிக் குன்றுகிறான். மானம் என்ற பெயரைச் சற்றே விலக்கிப் பார்த்தால் உள்ளே இருப்பது அந்தப் பழைய பொருளே. மறுபடியும் எழுப்பப்பட்ட கும்பகருணன் சீதையை விட்டுவிடு என்கிறான். இராவணனோ, நீ போய் உறங்கு என்கிறான். உண்மை அறியாதவனுக்கு இவ்வளவு கோபம் வராது.

மூன்றாவது பெயர் பிறக்கும் இடம் இந்திரசித்தின் இறுதிச் சந்திப்பு. அஞ்சிச் சொல்கிறேன் என்று எண்ணாதே, அவள்மீதுள்ள ஆசையை விடு என மகன் வேண்டுகிறான். தந்தை சிரிக்கிறான். உங்களை நம்பியா இப்பகையைத் தேடினேன், என்னை நம்பியன்றோ என்கிறான். தான் வெல்லாவிடினும், இராமன் பெயர் உலகில் நிற்குமட்டும் தன் பெயரும் நிற்கும், புகழுக்கு இறுதி உண்டோ என்கிறான். கேட்பவர் மெய்சிலிர்க்கும் உரை அது. முதன்முறை படித்தபோது நானும் சிலிர்த்தேன். ஆயினும் நுணுகி நோக்கின், வேட்கையாக இருந்து மானமாக மாறியது இங்கே புகழாகியிருப்பது தெரியும். ஒவ்வொரு பெயரும் முன்னையதைவிட உயர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் ஓர் உயிர் விலை. கும்பகருணன் மானத்துக்காகச் செத்தான், இந்திரசித்து புகழுக்காக.

தன்னை வஞ்சிக்காத அவல நாயகனும் உண்டு. மாசி மாதத்தில் எமது தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தில் மன்மதன், தேவர்களின் பொருட்டுச் சிவனது தவத்தைக் கலைக்கப் புறப்படுகிறான். இரதி தடுக்கிறாள், எரிவது உறுதி என்பது இருவருக்கும் தெரியும். அவன் அதற்கு வேறு பெயரிடுவதில்லை. போகவேண்டியிருக்கிறது, போகிறான். கூத்தைப் பார்க்கும் பெண்கள் இரதியோடு அழுவர். மன்மதனைப் பற்றி விவாதிப்பாரில்லை. இராவணனைப் பற்றியோ பேருந்து நிறைய விவாதம்.

இதே விவாதத்தை நான் அதிகம் கேட்பது இப்போது எமது விடுதி அறையில். அது யப்பானிய அனிமே பற்றியது. சித்திரப்படம் சிறுவர்க்குரியது என்ற எண்ணத்தோடு விரிவுரையாளர் சிலர் இப்பக்கத்தைப் புரட்டிவிடக்கூடும். அவர்களைச் சற்றுப் பொறுக்குமாறு வேண்டுகிறேன். சுகுமி ஓபா எழுத, தக்கேஷி ஒபாடா வரைந்து 2003 முதல் 2006 வரை வெளிவந்த 'டெத் நோட்' என்னும் படக்கதை, தெட்சுரோ அராகியின் இயக்கத்தில் 37 பகுதிகளாக 2006-2007இல் அனிமேயாக ஒளிபரப்பாயிற்று. லைட் யாகமி என்னும் கெட்டிக்கார மாணவனிடம் மரணதேவன் ஒருவனின் குறிப்பேடு கிடைக்கிறது. ஒருவரது முகத்தை மனத்திற்கொண்டு அவரது பெயரை அதில் எழுதினால் அவர் இறப்பார். லைட் குற்றவாளிகளின் பெயர்களை எழுதத் தொடங்குகிறான்.

முதலிரு கொலைகளின் பின் அவன் நடுங்குகிறான், உறக்கமிழந்து மெலிகிறான். அந்த நடுக்கமே அவன் உண்மையை அறிந்தவன் என்பதற்குச் சாட்சி. உடனே ஒரு பெயர் தேவைப்படுகிறது: உலகம் அழுகிவிட்டது, எவராவது செய்தே ஆகவேண்டும். நீதி என்ற அப்பெயர் விரைவிலேயே புதிய உலகம் என்றும், அதன் கடவுள் என்றும் வளர்கிறது. அவன் குற்றவாளி என நினையாத ஒருவரைக் கொன்றது எப்போது என்று பார்த்தால், வெகுகாலம் கழித்தன்று. இரண்டாம் பகுதியிலேயே தொலைக்காட்சியில் தோன்றி அவனைத் தீயவன் என்று கூறிய ஒருவனை அந்த ஒரு சொல்லுக்காகவே கொன்றுவிடுகிறான். அம்மனிதன் மரணதண்டனைக் கைதி என்பது பின்னர்தான் அவனுக்குத் தெரியவருகிறது. தன்னைத் துப்பறிய வந்த அமெரிக்க அதிகாரிகள் பன்னிருவர் அடுத்து மடிகின்றனர். உலகம் அவனுக்கு இட்ட பெயரோ 'கிரா'. கொலையாளி என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் யப்பானிய உச்சரிப்பே அது.

இக்கதையின் நடுப்பகுதியில் வரும் ஓர் உத்தியையே நான் பெரிதும் வியக்கிறேன். சந்தேகத்திலிருந்து தப்புவதற்காக லைட் குறிப்பேட்டின் உரிமையைத் துறக்கிறான். விதிப்படி அதுபற்றிய நினைவு முழுவதும் அழிந்துவிடுகிறது. எஞ்சி நிற்பவன் நேர்மையான ஓர் இளைஞன். தன்னைக் காதலிக்கும் மிசா என்ற பெண்ணின் உள்ளத்தைப் பயன்படுத்தித் தகவல் பெறுமாறு துப்பறிவாளன் கேட்கும்போது, ஒருத்தியின் அன்போடு அவ்வாறு விளையாட இயலாதென மறுக்கிறான். நினைவுள்ள லைட் செய்துவந்ததோ முழுக்க முழுக்க அதைத்தான். குறிப்பேடுதான் அவனைக் கெடுத்தது என்பதற்கு இதனைச் சான்றாகக் காட்டுவர் என் நண்பர். நான் உடன்படேன். அந்த மறதியைத் திட்டமிட்டவனே லைட். சார்த்தர் எழுப்பிய வினாவுக்குக் கதாசிரியர் கண்ட நேரடி விடை இது: ஏமாற்றுவோன் ஒரு மாதத்தில், ஏமாறுவோன் மறு மாதத்தில். குறிப்பேட்டை மீண்டும் தொடும் கணத்தில் இருவரும் ஒருவராகின்றனர். நல்லவனாய் வாழ்ந்த நாட்களின் நினைவும் அப்போது அவனிடம் இருக்கவே செய்கிறது. அதனையும் ஒரு கருவியாகவே அவன் எண்ணிக்கொள்கிறான்.

நான் முதன்முறை இதனைப் பார்த்தது உயர்தரப் பரீட்சை எழுதிய ஆண்டில், எமது இறப்பர் தோட்டத்து லயத்தில், அண்ணனின் கைப்பேசியில். லைட் பெயர் எழுதுந்தோறும் எனக்கு மகிழ்ச்சியாயிருந்தது என்பதை ஒளிக்கப்போவதில்லை. அம்மாவின் ஊழியர் சேமலாப நிதிப் படிவத்தை மாதக்கணக்காக இழுத்தடித்த ஒருவரின் பெயரை நானும் மனத்துக்குள் எழுதினேன். அதற்கு நான் இட்ட பெயரும் நீதிதான். அப்போது அருகிலிருந்த பாட்டி படத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "பேரு எழுதி ஆளக் கொல்ற கத எங்களுக்குப் புதுசில்ல" என்று எழுந்து போய்விட்டார். பின்னர்தான் அதன் பொருள் விளங்கிற்று. 1971 ஏப்ரல் 5 அதிகாலையில் தாக்கப்பட்ட வெல்லவாய பொலிஸ் நிலையம் எமது மாவட்டத்திலுள்ளது. அன்று துப்பாக்கி ஏந்திய இளைஞருட் பெரும்பாலோர் எம் வயதினர். அநீதியைக் கண்டு கொதித்தவர். 1987 முதல் 1989 வரையான காலத்தில் துரோகி என்று பெயர் குறிக்கப்பட்டவர்கள் கொல்லப்பட்டனர். மறுபக்கத்தில், சாக்கு முகமூடி அணிந்தவன் தலையசைத்த மாத்திரத்திலேயே இளைஞர் கொண்டுசெல்லப்பட்டு, தெருவோரத்தில் டயரிட்டு எரிக்கப்பட்டனர். இருதரப்பாரும் அதற்கு இட்ட பெயர்கள் மிக உயர்ந்தவை. லைட் சரியா பிழையா என்று விடுதியில் எழும் விவாதத்தை என்னால் வெறும் பொழுதுபோக்காகக் கொள்ள முடியாமைக்கு இதுவே காரணம்.

லைட்டுக்கும் இராவணனுக்கும் உள்ள வேறுபாடும் கூறத்தக்கது. இராவணனைச் சூழ்ந்திருந்தோர் அவனிடம் உண்மை பேசினர். அவன் அவர்களைத் துரத்தினான், ஏசினான், சாகவிட்டான். லைட் அத்தகையோர் எவரும் தன்னருகே உருவாகாதபடி பார்த்துக்கொண்டான். அவனது தந்தை சோய்ச்சிரோ ஒரு பொலிஸ் அதிகாரி. கதையில் ஐயத்துக்கிடமற்ற நேர்மையாளர் இவர். கிராவைப் பிடிப்பதற்காகத் தம் ஆயுளில் பாதியைக் கொடுத்து மரணதேவனின் கண்களைப் பெறுகிறார். சாகும் தறுவாயில் அக்கண்களால் மகனைப் பார்க்கிறார். குறிப்பேட்டை உடையவர்களது ஆயுள் அக்கண்களுக்குப் புலப்படாது. மகனது ஆயுளோ தெரிகிறது. அவ்வேளை அதன் உரிமை லைட்டிடம் இருக்கவில்லை, அவ்வளவே. என் மகன் கிரா அல்லன் என்ற நிறைவோடு அவர் உயிர் பிரிகிறது. உண்மையைக் காண விலைகொடுத்து வாங்கிய கண்கள் காட்டியது பொய். அந்நேரத்திலும் லைட், பகைவனின் பெயரை எழுதிவிடுமாறு தந்தையை வற்புறுத்திக்கொண்டிருக்கிறான். இத்தகைய காட்சியை அண்மைக்காலத் தமிழ்த் திரையில் நான் கண்டதில்லை.

ஆதலால் ஈற்றில் லைட்டைக் கொலைகாரன் என்று பெயர் சொல்லி அழைப்பவன் அவனது பகைவனே. அவனைச் சுடுபவனோ கூட்டத்திலேயே அவனை அதிகம் நம்பிய மட்சுடா. படக்கதையில் லைட் எல்லோர் முன்னிலையிலும் உயிருக்குக் கெஞ்சி அலறிச் சாகிறான். அனிமே அவனை ஓடவிடுகிறது. குருதி சிந்த ஓடும் வழியில், புத்தகப்பையுடன் நடந்துசெல்லும் மாணவனான தன் பழைய உருவத்தை அவன் காண்கிறான். இம்மாற்றம் நாயகன்மீது வலிந்து கொண்ட இரக்கம் என்று குறைகூறுவோர் உளர். எனக்கு அது இன்றியமையாததாகவே தோன்றுகின்றது. அவனை உண்மைப் பெயரால் அழைக்க அன்புடையோர் எவரும் எஞ்சியிராத நிலையில், அந்த மாணவன் மட்டுமே மிஞ்சியிருந்தான். அவனும் ஒன்றும் பேசவில்லை.

இராவணனுக்கு மண்டோதரி இருந்தாள். களத்தில் வீழ்ந்துகிடக்கும் கணவனின் உடலெங்கும் துளைத்திருக்கும் அம்பைக் கண்டு, உள்ளே எங்கேனும் சானகிமீதுள்ள காதல் ஒளிந்திருக்குமோ என்றா இப்படித் தேடிற்று எனக் கேட்டு அழுகிறாள். மானம் என்றோ புகழ் என்றோ அவள் சொல்லவில்லை.