சொல் இருக்கு, தட்டு எங்கே?

முஸ்லிம் நாட்டார் இலக்கியம் பற்றி நம்மவர் எழுதும் கட்டுரைகளில் ஒரு குறை தொடர்ந்து கண்ணில் படுகிறது. பக்கீர் பைத்தின் சொற்களைப் பதிக்கிறோம். உவமை பார்க்கிறோம், அறபுச் சொல் எண்ணுகிறோம். அந்தப் பாட்டைத் தூக்கி நிறுத்தும் றபானின் தட்டு மட்டும் அச்சில் ஏறுவதில்லை.

கூரகல ஜெய்லானிக் கந்தூரியில் ரிபாயி ராத்தீப் கேட்டவர்களுக்கு விளங்கும்: தட்டு இறுக இறுகத்தான் சொல் சூடேறும். சோனகதெருவிலிருந்து புத்தளம் போன ஒரு முதியவரிடம் பைத் எழுதப் போனேன். நாலு வரிக்கு மேல் வரவில்லை. "சும்மா சொல்ல வராது மகன், றபானத் தாங்க, கை சொல்லும்" என்றார். றபான் இருக்கவில்லை. 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற இரண்டு மணி நேரம் தந்தார்கள். றபானை யார் தூக்கி வருவது?

தமிழகத்துப் பக்கீர்மார் இக்கருவியைத் தாயிரா என்பர். வட்டம் என்று பொருள்படும் அறபுச் சொல் அது. உஸ்பெக்கிஸ்தானிலும் அதே சொல்தான், 'தொய்ரா' என்று. ஆனால் அங்கே தட்டுக்கு வாய்ச்சொல் உண்டு: கனத்த அடி 'பும்', ஓரத்து அடி 'பக்'. இவற்றைக் கோத்த தாளக்கட்டு 'உசூல்'. உஸ்தா ஆலிம் காமிலோவ் (1875–1953) இக்கலையை மேடையேற்றி, 1935இல் தமாரா கானுமின் ஆடலுக்கு இலண்டனிலும் வாசித்தார். மேடை புகழைத் தந்தது. வாய்ச்சொல்லோ கருவி கையில் இல்லாத இடத்திலும் பாடம் சொல்ல வழி தருகிறது. அவ்வளவு தூரம் போவானேன்? மிருதங்கத்தின் சொற்கட்டு நம் பக்கத்து வீட்டுச் சரக்குத்தானே.

"இது ஆகுமானதா?" என்று சிலர் கேட்பார்கள். தஃப் பற்றிய ஹதீஸ்களை வைத்து உலமாக்கள் பேசட்டும். இருந்ததை இருந்தபடி எழுதிவைப்பது ஆய்வாளன் கடமை. அது தீர்ப்பு ஆகாது.

விழா மேடையில் பத்து நிமிடம் றபான் தட்டவைத்துப் பொன்னாடை போர்த்துவதைப் 'பாதுகாப்பு' என்கிறோம். அன்றிரவே அது முடிந்துபோகிறது. இனிப் பைத் தொகுப்பவர்கள் ஒவ்வொரு வரியின் கீழும் அதன் தட்டை எழுதட்டும், ஒலிப்பதிவும் சேரட்டும். 1990க்கு முன் யாழ்ப்பாணத்தில் றபான் பிடித்த கைகள் முதுமையில் நடுங்குகின்றன. அவை ஓயுமுன் போய்க் கேட்கவேண்டும். போகும்போது றபானையும் கொண்டு போங்கள்.