எட்டு நகர்வு போதாத இடம்

விளையாட்டுப் படத்தின் கடைசிப் பத்து நிமிடத்தை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். வெற்றி, கண்ணீர், ஊரே திரண்ட வரவேற்பு. மீரா நாயர் 2016-இல் எடுத்த ‘குயின் ஆஃப் காட்வே’ படத்தை நான் மதிப்பது நடுவில் வரும் ஒரு தோல்விக்காக.

காட்வே, உகாண்டா தலைநகர் கம்பாலாவின் குடிசைப் பகுதி. பெருமழை பெய்தால் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடும். அங்கே அம்மாவோடு சோளம் விற்றுக்கொண்டிருந்த பியோனா முடேசி, சகோதரன் பின்னாலேயே போய்ச் சேர்ந்த இடம், ராபர்ட் கட்டெண்டே சிறுவர்களுக்குச் செஸ் சொல்லிக்கொடுத்த கொட்டகை. முதலில் இழுத்தது ஆட்டம் அல்ல, அங்கே ஊற்றிய கஞ்சி. சிப்பாய் எட்டாவது வரிசையைத் தொட்டால் ராணியாகலாம் என்று அவளுக்கு விளக்குவது அவளைவிடச் சின்னக் குழந்தை. வசனகர்த்தாவுக்கு நாக்கு ஊறும் இடம்தான். நாயர் நல்லவேளையாக அங்கே நீட்டி முழக்கவில்லை.

இந்தப் பெண் எட்டு நகர்வு முன்னால் பார்க்கிறாள் என்று பயிற்சியாளர் ஒருநாள் கண்டுபிடித்துத் திகைக்கிறார். அடுத்து உள்ளூர் வெற்றிகள், போட்டிக்காகச் சூடான் பயணம். பிறகு 2010-இல் சைபீரியாவின் காந்தி-மான்சிஸ்க் நகரில் செஸ் ஒலிம்பியாட். எதிரே கனடா ஆட்டக்காரர். பியோனா நொறுங்கிப்போகிறாள்.

ஏன் தோற்றாள்? தலைக்கனம், பதற்றம் என்ற பக்கமே படம் சாய்கிறது. பலகையைத் தெரிந்தவர்கள் அதோடு விடமாட்டார்கள். நகர்வுகளை முன்கூட்டிக் கணக்கிடும் திறமை நடு ஆட்டத்தில்தான் முழுசாகக் கைகொடுக்கும். ஆட்டத்தின் தொடக்கமான ஓப்பனிங் என்பது படிப்பு. எதிராளி வீட்டிலேயே தயாரித்துக்கொண்டு வந்ததை நாம் கடிகாரம் ஓட ஓட யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். ஆளுக்கொரு யானையும் சில சிப்பாய்களும் மிஞ்சும் எண்ட்கேமிலும் அப்படித்தான், பழகியவர் கை தானாக நகரும். ஒரே கொட்டகைக்குள் ஒருவரோடு ஒருவர் மோதி வளர்கிறவர்கள், அங்கே இருக்கும் சிறந்த ஆட்டக்காரரின் மட்டத்தைத் தாண்டுவது கடினம். பியோனாவுக்குக் குறைந்தது தைரியம் அல்ல, ஆடிப் பழகப் பலமான எதிராளிகள்.

படத்தின் பெரிய குறையும் இதை ஒட்டியதுதான். நாயர் பலகையைக் காட்டத் தயங்குகிறார். முகம், கடிகாரத்தைத் தட்டும் கை, மறுபடி முகம். ரெய்டரின் காலைக் காட்டாமல் கபடிப் படம் எடுத்த மாதிரி. எந்த நகர்வில் ஆட்டம் கைநழுவியது என்று பார்ப்பவருக்குத் தெரிவதே இல்லை. நடிப்பில் குறை சொல்ல முடியாது. அம்மாவாக வரும் லுபிடா நியோங்கோ ஒவ்வொரு காட்சியிலும் மகளின் கனவைச் சந்தேகத்தோடு எடைபோடுகிறார். அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. பியோனாவாக வரும் புதுமுகம் மதீனா நல்வாங்காவின் மௌனம் அளவானது. என் ஓட்டு டேவிட் ஓயெலோவோவுக்கு. கிடைக்கும் இன்ஜினியர் வேலையை விட்டுவிட்டுக் கொட்டகைக்குத் திரும்பும் கட்டெண்டேவை அவர் தியாகியாக்காமல், மாணவர்களைக் கவனித்துக்கொண்டே இருக்கும் ஒரு கோச்சாக வைத்திருக்கிறார்.

படத்துக்கு மூலமான நிஜ பியோனா 2012 இஸ்தான்புல் ஒலிம்பியாட்டில் ‘பெண் கேண்டிடேட் மாஸ்டர்’ பட்டம் வாங்கினார். சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடே பெண்களுக்குத் தரும் பட்டங்களில் இதுதான் முதல் படி. ரேட்டிங் வழியாக வாங்க 2000 புள்ளி வேண்டும். அப்போது ஒலிம்பியாட்டில் போதுமான ஆட்டங்கள் ஆடிப் பாதிப் புள்ளி எடுத்தாலும் நேராகக் கிடைத்தது. தெருவுக்கொரு கிராண்ட்மாஸ்டர் என்று பேசிப் பழகிய சென்னைக்காரருக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். பயிற்சிக்கூடம், ஸ்பான்சர், வெளிநாட்டுப் போட்டி என்று எல்லாம் வாய்த்தும் இந்தப் படியை எட்டாதவர்கள் நம்மூரில் எத்தனையோ பேர்.

உலக சாம்பியன் ஆகாத ஒருத்தியைப் பற்றி டிஸ்னி நிறுவனம் படம் எடுக்கத் துணிந்ததே பெரிது. அந்தத் துணிச்சலுக்கு வசூலில் பலன் இல்லை. சுமார் ஒன்றரைக் கோடி டாலர் செலவு தியேட்டர்களில் திரும்பி வரவில்லை.

படம் பியோனா குடும்பத்தின் புது வீட்டில் போய் முடிகிறது. சைபீரியாவுக்கும் இஸ்தான்புல்லுக்கும் நடுவே இரண்டு வருடம் இருக்கிறது. அதில் அவள் என்ன ஓப்பனிங் படித்தாள், யாரோடு ஆடினாள், எந்தப் பழக்கத்தை விட்டாள்? அந்த வீட்டுக் காட்சியைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு இதைக் காட்டியிருக்கலாம்.