சிவகாசி ஆய்வுச் சுருக்கங்களில் ஆளைக் காணோம்

கொஞ்ச நாளாக சிவகாசி பட்டாசுத் தொழில் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளின் சுருக்கங்களை மட்டும் சேர்த்துவைத்துப் படித்துவருகிறேன். முழுக் கட்டுரை பல இடங்களில் காசு கட்டினால்தான் கிடைக்கும். சுருக்கம் இலவசம். அதிகாரி, நிருபர், பட்டாசு ஆலைக்குப் போகிறவரின் காலேஜ் படிக்கும் பிள்ளை என்று எல்லோருக்கும் எட்டுவது அந்த 200 சொற்கள்தான். அதனால் அது எப்படி எழுதப்படுகிறது என்பது சின்ன விஷயம் இல்லை.

சுருக்கத்துக்கு ஒரு எலும்புக்கூடு உண்டு. ஜான் ஸ்வேல்ஸ் 1990-ல் ஆய்வு முன்னுரையை மூன்று நகர்வுகளாகப் பிரித்தார்: களத்தைக் காட்டு, அதில் ஓர் இடைவெளியைக் காட்டு, அந்த இடைவெளியில் உன் ஆய்வை வை. கென் ஹைலண்ட் 2000-ல் எட்டுத் துறைகளின் 800 சுருக்கங்களைப் பார்த்து ஐந்து நகர்வுகளைச் சொன்னார்: அறிமுகம், நோக்கம், முறை, கிடைத்தது, முடிவுரை.

இப்போது ஒரு சிவகாசி சுருக்கம். யாருடைய கட்டுரையையும் சுட்டவேண்டாம் என்பதால், திரும்பத் திரும்பப் பார்த்த பாணியில் நானே ஒன்று கோர்த்திருக்கிறேன்:

“குட்டி ஜப்பான் என அழைக்கப்படும் சிவகாசி பட்டாசு உற்பத்திக்குப் புகழ்பெற்றது. இத்தொழிலில் அடிக்கடி விபத்துகள் ஏற்படுகின்றன. தொழிலாளர்களின் சமூகப் பொருளாதார நிலையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். வினாநிரல் மூலம் தரவுகள் திரட்டப்பட்டன. பாதுகாப்பு விழிப்புணர்வின் அவசியம் கண்டறியப்பட்டு, தகுந்த பரிந்துரைகள் வழங்கப்பட்டுள்ளன.”

எண்ணிப் பாருங்கள். ஐந்து வாக்கியத்தில் இரண்டு அறிமுகத்துக்கே போச்சு. நோக்கம் ஒன்று, முறை ஒன்று. ஹைலண்டின் நாலாவது நகர்வு, அதாவது என்ன கிடைத்தது என்பது, இல்லவே இல்லை. ‘கண்டறியப்பட்டது’ என்ற சொல் இருக்கிறது, கண்டறிந்த பொருளைக் காணோம். விழிப்புணர்வு அவசியம் என்பது வினாநிரல் கொண்டுபோவதற்கு முன்னாடியே தெரியுமே! ‘தகுந்த பரிந்துரைகள்’ எவை? 1976-ல் வந்த ஐஎஸ்ஓ 214 தரமே, நோக்கம், முறை, முடிவுகள், அவற்றின் பொருள் எல்லாம் சுருக்கத்தில் வரவேண்டும் என்கிறது. நம்மூர் சுருக்கம் பொருளடக்கம் மாதிரி நின்றுவிடுகிறது.

இதைவிட என்னைத் தொந்தரவு செய்வது ‘படு’ என்கிற துணைவினை. திரட்டப்பட்டன, வழங்கப்பட்டன என்பதில் பெரிய சேதம் இல்லை. செய்தவர் ஆய்வாளர்தான் என்று தெரியும். ‘விபத்துகள் ஏற்படுகின்றன’ அப்படியில்லை. மழை பெய்கிற மாதிரி விபத்தும் தானாக வருகிறது. என் டீமில் ஒருவர் “பிழை ஏற்பட்டது, சரிசெய்யப்பட்டது” என்று மட்டும் எழுதி கோடை அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவேன். எந்த ஃபைல், எது மாறியது என்று எழுதாவிட்டால் அடுத்தவருக்கு அதனால் பிரயோஜனம் இல்லை.

செய்பவர் எப்போதாவது வாக்கியத்துக்குள் வந்தால் அவர் தொழிலாளியாகத்தான் இருக்கிறார்: கவனக்குறைவு, அறியாமை, பாதுகாப்பற்ற செயல். இதற்கு வெளியூர் பூர்வீகம் உண்டு. ஹென்ரிக் 1931-ல் எழுதிய புத்தகத்தில் தொழிற்சாலை விபத்துகளில் 88 சதவீதம் பாதுகாப்பற்ற செயலால் வருபவை என்றார். பிற்பாடு பலரும் கேள்வி கேட்ட கணக்கு அது. ஆனாலும் அந்தச் சொற்றொடர் இன்னும் நடமாடுகிறது.

ஆனால் இந்த வட்டாரத்திடமே ஒரு சொல் இருக்கிறது: உள்குத்தகை. உரிமம் ஒருவர் பெயரில், அறைகள் வேறு பலர் கையில். 2021 பிப்ரவரி 12-ல் சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் இறந்தபோது செய்திகளில் இந்தச் சொல் திரும்பத் திரும்ப வந்தது. இதைச் சொன்ன மாத்திரத்தில் குத்தகைக்கு விட்டவர் ஒருவர், எடுத்தவர் ஒருவர் என்று வாக்கியத்துக்குள் ஆட்கள் வந்துவிடுகிறார்கள். பீஸ் ரேட் என்று சொன்னாலும் அப்படித்தான்: வேகத்துக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்ற கேள்வி கூடவே வரும். ‘சமூகப் பொருளாதார நிலை’ என்று எழுதும்போது இதெல்லாம் உதிர்ந்துபோகிறது.

எல்லாச் சுருக்கமும் இப்படி என்று சொல்லவரவில்லை. பொட்டாசியம் நைட்ரேட், கந்தகம், அலுமினியத் தூள் கலவை அடிக்கும் உராய்வுக்கும் எப்படி நடந்துகொள்கிறது என்று ஆராயும் வேதியியல் கட்டுரைகளிலும் செயப்பாட்டுவினை நிறைய. ஆனால் நான் பார்த்தவற்றில் எந்தக் கலவை, எந்த விகிதத்தில் ஆபத்து என்பது சுருக்கத்திலேயே கிடைத்தது. ஆக, செயப்பாட்டுவினை மட்டும் குற்றவாளி இல்லை. முடிவைச் சொல்லாமல் விடுவதும், செய்தவரை விடுவதும் ஒன்றாகச் சேரும்போதுதான் சுருக்கம் வெறும் ஓடாகிறது. பட்டத்துக்குக் கட்டுரை கட்டாயம், டெம்ப்ளேட் கைவசம் இருக்கு என்ற நிலையில் மாணவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது.

குட்டி ஜப்பானை வெட்டிவிட்டு இப்படி ஆரம்பித்தால் என்ன: “இத்தனை பேரிடம் பேசினோம். அவர்களில் இத்தனை பேர் உள்குத்தகை அறைகளில் வேலை செய்கிறார்கள். நாலு பேருக்கு அனுமதியுள்ள அறையில் ஆறு பேர் உட்காரும் நாட்கள் மாதத்தில் இத்தனை.” அந்த ‘இத்தனை’களை நிரப்ப முடிந்தால் ஆய்வு நடந்திருக்கிறது. முடியாவிட்டால், முடியவில்லை என்பதும் அந்த 200 சொற்களிலேயே தெரிந்துவிடும்.