முழங்கால் ஆழத்தில் ஒரு வழக்கு

இங்கிலாந்தின் செஷயரில் இருக்கும் பிரெரட்டன் ஹீத் பூங்கா ஒரு காலத்தில் மணல் குவாரி. தோண்டிய பள்ளம் ஏரியாகி, கரையில் மணல்வெளி ஏற்பட்டது. நீந்தக் கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். வெயில் நாட்களில் அதை மதித்தவர்கள் குறைவு. 1995 மே 6 அன்று, சிறு வயதிலிருந்தே அங்கே வந்துபோன 18 வயது இளைஞர் ஒருவர், முழங்காலுக்குச் சற்று மேலான நீரில் நின்றபடியே முன்னால் பாய்ந்தார். தலை அடிமணலில் மோதிக் கழுத்து முறிந்தது. கை கால்கள் செயலிழந்தன.

ஏரிக்குச் சொந்தக்காரரான காங்கிள்டன் நகரமன்றம் நஷ்டஈடு தர வேண்டுமா? முதல் நீதிபதி வேண்டாம் என்றார். மேல்முறையீட்டு நீதிமன்றம் மூன்றில் இரண்டு பங்கு தவறை இளைஞர்மீது வைத்துவிட்டு, மீதிக்கு மன்றமே பொறுப்பு என்றது. 2003 ஜூலையில், அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபையின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அதை மாற்றினார்கள். தனியார் தோட்டத்துக்கும் பொது நிலத்துக்கும் சட்டம் ஒன்றே என்பதால், குளமோ பாறையோ வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இந்தத் தீர்ப்பு பொருந்தும்.

இளைஞர் தரப்பின் பலமான வாதம், மன்றத்தின் கோப்புகளிலேயே இருந்தது. பலகையால் பயனில்லை என்று அதிகாரிகள் அறிந்திருந்தார்கள். கரையை மண்ணால் மூடி நாணல் நட்டுவிட வேண்டும் என்று எழுதியும் வைத்திருந்தார்கள். பணம் ஒதுக்கத்தான் தாமதமானது. ஆபத்தை உணர்ந்தும் சும்மா இருந்தவர் பொறுப்பாளி ஆகமாட்டாரா? முதல் பார்வையில் எனக்கும் இது மறுக்க முடியாததாகவே பட்டது. ஆனால் இதை ஏற்றால், எதையும் யோசிக்காத நிலக்காரர் தப்பித்துக்கொள்வார். யோசித்து எழுதிவைத்தவர் தன் குறிப்பாலேயே மாட்டிக்கொள்வார். அந்த ஐவரில் ஒருவரான ஹாஃப்மன் பிரபு கேள்வியை வேறு இடத்திலிருந்து தொடங்கினார். ஏரியில் மறைந்திருந்த கம்பியோ பொறியோ எதுவும் இல்லை. ஆழமற்ற நீரில் பாய்ந்ததுதான் ஆபத்து. அந்த ஒரு பாய்ச்சலுக்காக, மணலில் விளையாடும் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் கரையை மூட வேண்டுமா என்பதே அவர் எழுப்பிய கேள்வி. அது சரியான கேள்வி. குழந்தைகளுக்கும், உண்மையான தெரிவு இல்லாதவர்களுக்கும் விதிவிலக்கு வைத்ததும் சரி.

என் உடன்பாடு ஓரிடத்தில் நிற்கிறது. நீந்த அனுமதி இருந்திருந்தாலும் முடிவு இதுவே என்று அவர் மேலும் சொன்னார். வழக்குக்கு அது தேவைப்படவில்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு மலையேற்றத்துக்கோ குதிரைச் சவாரிக்கோ நிலத்தைத் திறந்துவிடுபவரும் அந்தச் சொற்களின் நிழலில் ஒதுங்கப் பார்ப்பார். கலிஃபோர்னியாவின் 1963ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே தெளிவானது. பொழுதுபோக்குக்கு இலவசமாக நிலத்தில் நுழைய விட்டவருக்கு நிலத்தைப் பாதுகாப்பாக வைக்கும் கடமை இல்லை. காசு வாங்கினால், விருந்தினராக வெளிப்படையாக அழைத்தால், அல்லது ஆபத்தைப் பற்றி வேண்டுமென்றே எச்சரிக்காமல் விட்டால் அந்தக் காப்பு கிடையாது. ஆபத்தை விற்றுப் பணம் பார்ப்பவரையும், வேலியைத் திறந்து வைத்திருப்பவரையும் அது பிரித்துப் பார்க்கிறது.

ஆகவே காங்கிள்டன் தீர்ப்பு சரியானது. அதன் வீச்சு மட்டும் தேவைக்கு மேல் நீள்கிறது. ஆனால், தோற்ற அந்த இளைஞரை ஆயுள் முழுக்க யார் பராமரிப்பது என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. விடை தேட வேண்டிய இடம் அதுவும் அல்ல. நியூசிலாந்து 1974 முதல் விபத்தில் காயம்பட்டவருக்கு, யார் தவறு என்று கேட்காமல் சிகிச்சைச் செலவுக்கும் வருமான இழப்புக்கும் உதவித்தொகை தருகிறது. பதிலுக்கு, அந்தக் காயத்துக்கு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடும் உரிமையை எடுத்துக்கொள்கிறது. அந்த ஏற்பாடு இருந்திருந்தால், படுக்கையில் கிடந்தவர் தன் வாழ்க்கைச் செலவுக்காக ஓர் ஏரிக்கரையைக் குற்றவாளி ஆக்கவேண்டி வந்திருக்காது.

மன்றம் தீர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை. விபத்துக்குப் பிறகு கரையில் மண் கொட்டி நாணல் நட்டுவிட்டது. வழக்கில் அது வென்றபோது, காப்பாற்றப்பட்ட மணல்வெளி அங்கே இல்லை.